ஆறுச்சாமி சாப்பிடாத பரோட்டா

ஆறுச்சாமி இதுவரை பார்த்த துணியையெல்லாம் விரித்துப் போட்டால் அவிநாசியிலிருந்து கன்னியாகுமரிக்கு அதன்மேலேயே நடந்து போய்த் திரும்பி வரலாம் என்று கம்பெனியில் சொல்வார்கள். கேலிக்குச் சொல்வதுதான், ஆனால் பொய் என்று அடித்துச் சொல்லவும் ஆளில்லை. அவிநாசி ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் இளவட்டமாக நுழைந்தவர், தலை நரைத்தும் அதே துணி செக்கிங்கில் நிற்கிறார். சாயம் ஏறிக் காய்ந்து வரும் துணிச் சுருளை ரோல் என்பார்கள். அதைச் சாய்வான கண்ணாடி மேஜைமேல் ஓடவிட்டு, அடியில் எரியும் டியூப்லைட் வெளிச்சத்தில் குற்றம் தேடுவது அவர் வேலை. ஊசி இழுத்த கோடு, எண்ணெய்க் கறை, தடித்த நூல், ஓட்டை. சின்னக் குற்றத்துக்கு ஒரு பாயிண்ட், ஓட்டை என்றால் நாலு. மொத்தப் பாயிண்ட் அளவைத் தாண்டினால் ரோல் வந்த வழியே திரும்பிப் போகும்.

இத்தனை வருடத்தில் அவர் கண்ட ஒன்று உண்டு. நல்ல ரோல் ஓடும்போது மேஜைப் பக்கம் ஈ காக்காய் வராது. பாயிண்ட் ஏறிவிட்டால் போதும். நிட்டிங்காரர் வருவார், சாயப்பட்டறைக்காரர் வருவார், மேனேஜர் வருவார், சில சமயம் முதலாளியே வந்து நிற்பார். எல்லோரும் குனிந்து அந்த ஓட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். குற்றமில்லாத துணியை ஒருவரும் தொடுவதில்லை, அது பேசாமல் கட்டிங்குக்குப் போய்விடும். வெயிலடித்தால் வேர்க்கும் என்பதுபோல இதுவும் அவருக்கு ஒரு சாதாரண விஷயமாகத்தான் இருந்தது.

அவர் மனைவி ரங்காத்தாள் இருந்தவரை அவர் உடம்பு ஒரு கட்டுக்குள் இருந்தது. அவள் மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மதிய நேரத்தில், துவைத்த துணியைக் கொடியில் போட்டுக்கொண்டே சரிந்தாள். அதோடு சரி. அதற்குப் பிறகு வேலை முடிந்து ஆறுச்சாமிக்கு வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. பூட்டைத் திறந்தால் காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதைப் பார்ப்பதற்குப் பயந்தே பேக்கரியில் உட்கார ஆரம்பித்தார். திருப்பூர்ப் பக்கம் பேக்கரி என்றால் டீக்கடையும் அதுதான், ஊர்ச்சபையும் அதுதான். நாலு பேர் பேசுவது காதில் விழும். சும்மா உட்கார்ந்தால் கடைக்காரர் பார்ப்பார் என்று ஒரு டீ, ஒரு தேங்காய் பன். பேச்சு நீண்டால் ஒரு பஃப்ஸ். பேச்சுத் துணைக்காகத் தின்றது அத்தனையும் இடுப்பில் வந்து குடியேறிவிட்டது.

நாளெல்லாம் நின்றே செய்கிற வேலை. முதலில் முழங்கால் முனகியது, பிறகு வாய்விட்டே அழுதது. எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, மாத்திரை இரண்டாம்பட்சம், முதலில் எடையைக் குறைக்க வேண்டும் என்றார். இதற்கு ஆறுச்சாமி வெளியே ஆள் தேடத் தேவையே இருக்கவில்லை. எடை குறைப்பதற்கென்றே அவர் வீட்டில் ஓர் ஆள் உண்டு.

அவருடைய ஒரே மகள் நித்யஸ்ரீ பெங்களூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். ஊரார் உடம்பை இளைக்க வைப்பதுதான் அந்தக் கம்பெனியின் தொழில். எந்தச் சாப்பாட்டுக்கு எத்தனை பாயிண்ட் என்று அவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவு பாயிண்ட்தான் தின்னலாம் என்று ஆளுக்கு ஓர் அளவு. ஒவ்வொரு வேளையும் தட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். அளவுக்குள் இருந்தால் ஒரு பச்சை இலைப் படம் பதிலாக வரும். அளவைத் தாண்டினால் போன் வரும். நித்யஸ்ரீயின் பொறுப்பில் அப்படி ஒரு பெருங்கூட்டமே இருந்தது. அப்பாவையும் அதில் சேர்த்துக்கொண்டாள்.

பாயிண்ட் என்றால் என்னவென்று மற்றவர்களுக்குப் புரியவைக்க அவள் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேச வேண்டியிருக்கும். அப்பாவுக்கு அந்தச் சிரமமே இல்லை.

"அப்ப இட்லிங்கறது நூல் தடிப்பு, பரோட்டாங்கறது ஓட்டை. கீரை, வெள்ளரிக்காயெல்லாம் சுத்தமான துணி. அவ்வளவுதான கண்ணு?" என்றார்.

அவள் சிரித்த சிரிப்பு போனில் வெகுநேரம் கேட்டது.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பெரியவர்கள் சொல்லிவைத்ததை அவர் அப்படியே பிடித்துக்கொண்டார். கொள்ளு ரசம், கம்பஞ்சோறு, முருங்கைக்கீரைப் பொரியல். பேக்கரிக்குப் போவதை நிறுத்தினார். குரூப்பில் மற்றவர்கள் படம் போடுகிற அழகே தனி. ஓசூர்க்காரர் ஒருவர் அப்பளத்தைச் சோற்றுக்கு அடியில் ஒளித்துவைத்துப் படமெடுப்பார். யாரோ ஓர் அம்மா தட்டைக் காட்டுவார், பக்கத்தில் இருக்கும் கிண்ணத்தைக் காட்டமாட்டார். ஆறுச்சாமியின் படத்தில் ஒவ்வொரு கிண்ணமும் செக்கிங் மேஜையில் வைத்ததுபோல வெளிச்சத்தில் வரிசையாக இருக்கும். அளவைத் தாண்டுவது இருக்கட்டும், அளவைத் தொடுவதுகூட அவருக்கு மானக்கேடாக இருந்தது. பாயிண்ட் குறையக் குறையத்தான் முதல் தரம் என்பது முப்பது வருடமாக ரத்தத்தில் ஊறின பாடம் அல்லவா? வேளைக்கு ஒரு பச்சை இலை தவறாமல் வந்தது. வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது.

இலைகள் வந்தன, ஆனால் போன் வரவில்லை. அது அவருக்கு உறைக்கச் சில வாரங்கள் ஆயின.

அம்மா போனதிலிருந்து அவள் சாயங்காலம் தவறாமல் கூப்பிடுவாள். எடுத்ததும், "சாப்டீங்களாப்பா?" அடுத்தது, "என்ன சாப்டீங்க?" புளிக்குழம்பு என்றால் யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்பாள். பக்கத்து வீட்டு அம்மா கொடுத்தது என்றால் அவருடைய மருமகளுக்குக் குழந்தை பிறந்ததா என்பாள். அங்கிருந்து பெங்களூர் மழை, அவள் கணவன் தரணீதரனுடைய வேலை என்று பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு வரும். அத்தனைக்கும் வாசற்படி அந்த ஒரு கேள்விதான். இப்போது அப்பா என்ன சாப்பிட்டார் என்பது படமாகவே அவள் கைக்குப் போய்விடுகிறது. பிறகு எதைக் கேட்டுக்கொண்டு அவள் கூப்பிடுவாள்? தட்டைப் படமெடுத்து அனுப்பி அனுப்பி, மகள் கேட்பதற்கு இருந்த ஒரே கேள்வியைத் தன் கையாலேயே அடைத்துவிட்டோம் என்று அவருக்குப் புரிந்தபோது, கொள்ளு ரசக் கிண்ணத்தை அப்படியே தள்ளி வைத்தார்.

அவராகக் கூப்பிட்டிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். அங்கேதான் சங்கடம். கட்டிக்கொடுத்த பெண்ணைத் தகப்பன் சும்மா சும்மா கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது அவர் வளர்ந்த வீட்டின் வழக்கம். ரங்காத்தாள் இருந்தபோது போன் அவள் கையில்தான் இருக்கும். தாயும் மகளும் மணிக்கணக்கில் பேசி முடித்துவிட்டு, கடைசியில் அவரிடம் நீட்டுவாள். நல்லாருக்கியா கண்ணு என்பார். நல்லாருக்கறனுங்கப்பா என்பாள் மகள். அதோடு முடிந்தது. அவராக மகளுடைய எண்ணை அழுத்தியது ஒரே ஒரு தடவைதான். ரங்காத்தாள் விழுந்த அன்று. அதற்கப்புறம் அந்த எண்ணை அழுத்த அவர் விரலுக்குத் தைரியம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கணியூரில் பங்காளி லிங்கசாமியின் பேரனுக்குக் காதுகுத்து வந்தது. கெடா வெட்டு. பந்தியில் உட்கார்ந்துவிட்டு இலைமேல் கையை மறித்தால் என்ன ஆகும் என்பது கொங்குப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டுச் சோறு உங்களுக்கு ஆகாதா என்று நாலு தலைமுறைக்குப் பேச்சாகிவிடும். ஆறுச்சாமி சாப்பிட்டார். வறுவல், குழம்பு, குடல், மேலே இனிப்புக்கு ஒப்புட்டு. யோக்கியர் ஆனதால் இலையைப் படமெடுத்து அனுப்பியும் வைத்தார்.

கை கழுவிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

நித்யஸ்ரீ விட்டு விளாசினாள். இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் ஒரே இலையில் போச்சே, முழங்காலை மறந்துவிட்டீர்களா, ஒப்புட்டு எத்தனை தின்றீர்கள், உண்மையைச் சொல்லுங்கள். அச்சு அசல் ரங்காத்தாள் திட்டுவது மாதிரியே மூச்சு விடாமல் திட்டினாள். ஆறுச்சாமி ஈரக்கையோடு பந்தலுக்குப் பின்னால் வாழை மரங்களுக்கு நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். திட்டி முடித்ததும் அவள் குரல் இறங்கியது. யார் யார் வந்திருந்தார்கள் என்று கேட்டாள். குழந்தை அழுததா என்றாள். மாடி வீட்டு நாய் தன் செருப்பைக் கடித்த கதையைச் சொன்னாள். பேசி முடித்து அவர் திரும்பி வந்தபோது வேனில் எல்லோரும் ஏறி அவருக்காகக் காத்திருந்தார்கள். வழியெல்லாம் அவர் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் கம்பஞ்சோறு. பச்சை இலை. அதற்கடுத்த நாள் கீரை. பச்சை இலை. வீட்டில் கடிகாரம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்த வாரம் கம்பெனியில் ஒரு ரோல் மோசமாக வந்தது. வழி நெடுக ஓட்டை. வழக்கம்போல எல்லோரும் மேஜையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். மேனேஜர் அவர் தோளில் கைபோட்டு, ஆறுச்சாமி என்று பேர் சொல்லிப் பேசினார். அவர்கள் கலைந்து போன பிறகு ஆறுச்சாமி அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். இத்தனை வருடம் கண்ணெதிரே இருந்த விஷயம் அன்றைக்குத்தான் அவருக்குப் பயன்பட்டது.

சாயங்காலம் ஹோட்டலுக்குப் போய் பரோட்டாவும் சிக்கன் குழம்பும் வாங்கினார். குழம்பை மேலே ஊற்றி, நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பினார். தின்ன மட்டும் மனம் வரவில்லை. மகள் தனக்கென்று உட்கார்ந்து போட்ட கணக்கு அது. அதை மீறினால் அவளையே மீறின மாதிரி. பரோட்டாவைப் பொட்டலமாக்கிக் கொண்டுபோய்க் கம்பெனி வாட்ச்மேன் மொக்கைச்சாமியிடம் கொடுத்தார்.

மொக்கைச்சாமி உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில். இங்கே அவருக்குத் துணை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு டார்ச் லைட்டும்தான். அவர் பொட்டலத்தைப் பிரிக்கும்போதே போன் வந்துவிட்டது. ஆறுச்சாமி வேஸ்ட் துணி மூட்டைகள் பக்கமாக ஒதுங்கிப் போய்த் திட்டு வாங்கிவிட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி திரும்பி வந்தார்.

அன்று தொடங்கியது. ஒரு நாள் ரோட்டுக்கடைக் காளான், ஒரு நாள் பிரியாணி, ஒரு நாள் பஜ்ஜி. படம் ஆறுச்சாமிக்கு, பண்டம் மொக்கைச்சாமிக்கு. கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மொக்கைச்சாமி பிரியாணி தின்ன, எதிரே ஆறுச்சாமி தூக்குப்போசியைத் திறந்து வெள்ளரிக்காய் கடிப்பார். காவல்காரரின் சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாகப் போராடத் தொடங்கின.

"திங்கிறதுக்கு எனக்கொண்ணும் வருத்தமில்லண்ணே. இது என்னா கணக்குன்னுதேன் வெளங்கல," என்றார் மொக்கைச்சாமி ஒரு நாள். ஆறுச்சாமி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். மொக்கைச்சாமி எலும்பைக் கடிப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். "பெத்த மகதானண்ணே. ஒரு போனைப் போட வேண்டியதுதானே?"

"கட்டிக்குடுத்த புள்ளைங்க. வேலைல இருக்கும். நாமளாக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணலாமுங்களா?"

மொக்கைச்சாமி தலையை ஆட்டிவிட்டு எலும்புக்குத் திரும்பினார். வாரம் தவறாமல் தன் மகளுக்குப் போன் போட்டு, பேச ஒன்றுமில்லாமல், கோழி முட்டையிட்டதா என்று கேட்கிற மனிதர் அவர்.

பொய்க்கு ஒரு தொல்லை உண்டு, அது தனியாக வாழாது. வாரத்துக்கு ஒரு தடவை எடையையும் படமெடுத்து அனுப்ப வேண்டும். ஆறுச்சாமி ரோல் எடை போடுகிற தராசில்தான் ஏறி நிற்பார். தட்டில் பரோட்டாவும் பிரியாணியும் ஏறிக்கொண்டிருக்க, எடை மட்டும் இறங்கினால் மகளுக்குச் சந்தேகம் வராதா? அதனால் காலர்த் துணிக் கட்டு ஒன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தராசில் ஏறினார். மொக்கைச்சாமி குனிந்து எண்ணை மட்டும் படமெடுத்தார். முதல் வாரம் சின்னக் கட்டு போதுமாக இருந்தது. நிஜத்தில் அவர் கணக்குப்படி தின்று இளைத்துக்கொண்டே போனதால் அடுத்தடுத்த வாரங்களில் பெரிய கட்டு தேவைப்பட்டது. கழுத்தெலும்பு தெரியத் தொடங்கிய மனிதர், கனத்த துணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றார். ஒரு ரோலைக்கூட இதுவரை பொய்யாகப் பாஸ் செய்ததில்லை அவர். தராசிலிருந்து இறங்கும்போதெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்றது.

வெட்கத்தையும் மீறிப் போன் வேண்டியிருந்தது. அது வந்தால்தான் அன்றைய நாள் முடிந்த மாதிரி. வராத நாள் முடியாமலேயே கிடக்கும்.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். திட்டும் அப்படித்தான் ஆயிற்று. முதலில் மூச்சு விடாமல் திட்டியவள், பிறகு சுருக்கமாகத் திட்டினாள். பிறகு திட்டுவதை விட்டுவிட்டு, ஏம்ப்பா இப்படிப் பண்றீங்க என்று மட்டும் கேட்டாள். மாடி வீட்டு நாய் பேச்சில் வருவது நின்றுபோனது. ஒரு நாள் அவள் குரல் உடைந்துவிட்டது. அம்மாதான் பாதியில் விட்டுவிட்டுப் போனாள், நீங்களும் அதற்குத்தான் ஏற்பாடு செய்கிறீர்களா என்று கேட்டாள். இன்றோடு இந்தக் கூத்து முடிந்தது என்று ஆறுச்சாமி அன்று முடிவு கட்டினார். இரண்டு நாள் கம்பஞ்சோற்றுப் படமே போட்டார். இரண்டு பச்சை இலைகள் வந்தன. மூன்றாம் நாள் சாயங்காலம் பூட்டைத் திறந்ததும் அந்த டம்ளர் அங்கேயே இருந்தது. அவர் திரும்ப இறங்கி ஹோட்டலுக்கு நடந்தார்.

அன்று மகள் கூப்பிட்டாள். குரலில் கோபமே இல்லை. வாடிக்கையாளரிடம் பேசுகிற குரல் அது.

"அப்பா, நான் சொன்னா நீங்க கேக்கறதில்லீங்க. பெத்த மகளுங்கறதாலயா இருக்கும். உங்களை வேற ஆளுக்கு மாத்திட்டனுங்க. அருள்செல்வன்னு, நெம்ப நல்லா பார்த்துக்குவாரு. இனிமே அவருதான் கூப்புடுவாரு."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார், சொல்லவில்லை. "செரி கண்ணு," என்றார்.

அருள்செல்வனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மறுநாள் சொன்ன நேரத்துக்குக் கூப்பிட்டார். கனிவான பேச்சு. எடுத்ததும் அவர் கேட்டது, "சாப்டீங்களா சார்?"

அத்தனை நாளாக ஆறுச்சாமி ஏங்கிக் கிடந்த கேள்வி வந்துவிட்டது. கேட்க வேண்டியவள் கேட்கவில்லை. ஆச்சுங்க, கீரையும் கம்பஞ்சோறும் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். அந்த மனிதரிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? பிறகு வந்த வேளைகளிலெல்லாம் நிஜமான தட்டைப் படமெடுத்தார். வேளைக்கு ஒரு பச்சை இலை அச்சடித்தாற்போல் வந்தது. மொக்கைச்சாமிக்குப் பிரியாணி நின்றுபோனது. அவர் தன் எலுமிச்சைச் சோற்றில் ஒரு கை எடுத்து ஆறுச்சாமியின் தூக்குப்போசி மூடியில் வைத்துவிட்டு, இதுக்கு எத்தன பாயிண்ட்டோ தெரியலண்ணே என்றார்.

நித்யஸ்ரீயிடமிருந்து ஒன்றும் இல்லை. அவள் பார்த்துக்கொள்ள வேறு தட்டுகள் எத்தனையோ இருந்தன. அப்பா நல்ல ஆளிடம் இருக்கிறார், கவலையில்லை. பாஸான ரோல் கட்டிங்குக்குப் போய்விட்டது.

எடை அனுப்புகிற நாள் வந்தது. நாலு மணி டீ பிரேக். எல்லோரும் டீக்குப் போய்விட்ட நேரத்தில் ஆறுச்சாமி தராசில் ஏறினார். பழக்க தோஷத்தில் கை காலர்க் கட்டைத் தேடிப் போனது. எடுக்கவில்லை. வெறும் ஆளாக நின்றார். தராசு காட்டிய எண்ணை நம்ப முடியவில்லை. கல்யாணத்தின்போது இருந்த எடை. இதைக் கேட்டால் ரங்காத்தாள் கையைத் தட்டிச் சிரித்திருப்பாள். மகள் கேட்டால் துள்ளிக் குதிப்பாள். ஆனால் இந்தச் சேதி போய்ச் சேர்ந்தால் அவருக்குக் கிடைக்கப்போவது இன்னொரு பச்சை இலை, அதுவும் அருள்செல்வன் கையால். அந்த அத்தனை பெரிய கட்டிடத்தில் தராசின்மேல் தனியாக நின்றுகொண்டிருந்த ஆறுச்சாமிக்கு அழுகை வந்தது. இளைத்துவிட்டேன் என்று சொல்லக்கூட ஆளில்லாமல் இளைத்து என்ன பயன்?

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். மகளுடைய எண்ணைத் தேடிப் பிடித்து, அழுத்தினார்.

முதல் மணி முடியும் முன்பே எடுத்துவிட்டாள். "அப்பா, என்னாச்சுங்க? யாருக்கு என்னாச்சு?"

அவராகக் கூப்பிட்டு அவளுக்குச் சேதி வந்தது ஒரே ஒரு தடவைதான், அவள் அம்மா விழுந்த அன்று. அது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"ஒண்ணுமில்ல கண்ணு. யாருக்கும் ஒண்ணும் ஆகுல. நீ பதறாத." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். அந்தப் பரோட்டா, பிரியாணி ஒண்ணையுமே நாந் திங்கல கண்ணு. போட்டோ மட்டுந்தான் நானு. தின்னதெல்லாம் வாட்ச்மேனு."

மகள் சட்டென்று கேட்டாள்.

"அப்ப வெயிட்டுங்க?"

"துணிக்கட்டைத் தூக்கிட்டு ஏறுனன்."

"ஏனுங்கப்பா இப்படிப் பண்ணுனீங்க?"

"பாயிண்ட் ஏறுனா நீ கூப்புடறயில்ல. அதுக்குத்தான்."

அவள் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று ஆறுச்சாமிக்குப் பிடிபடவில்லை. இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இப்போது நிஜமாகவே எவ்வளவு எடை என்று கேட்டாள். சொன்னார். இதற்குமேல் குறையக் கூடாது, இனிமேல் கொஞ்சம் கூட்டித்தான் சாப்பிட வேண்டும் என்றாள் தொழில் தெரிந்தவளாக. சரி என்றார். அதோடு பேச்சு தீர்ந்துபோனது. வைத்துவிடுவாளோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. எதையாவது கேட்க வேண்டும். தகப்பன் மகளிடம் எதைக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒரே கேள்விதான். அதுவும் இத்தனை வருடத்தில் அவள் அவரைக் கேட்டதே தவிர, அவர் அவளைத் திருப்பிக் கேட்டதில்லை.

"நீ சாப்டியா கண்ணு?"

"இன்னும் இல்லீங்கப்பா," என்றாள். குரல் சின்னதாக இருந்தது. காலையிலிருந்து ஊரார் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் மறந்துவிட்டதாம். தினமும் இப்படித்தானாம். தரணீதரனுக்கு ராத்திரி ஷிப்ட், அவன் எழுந்திருக்கும்போது இவள் ஆபீசில், இவள் வீட்டுக்கு வரும்போது அவன் கிளம்பியிருப்பான். ஞாயிற்றுக்கிழமைதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது. சாப்பிட்டாயா என்று கேட்க அங்கே யார் இருக்கிறார்கள்? அம்மா போன பிறகு தன்னை யாரும் கேட்டதே இல்லை என்றாள்.

ஆறுச்சாமி தராசிலிருந்து இறங்கினார். பக்கத்தில் கிடத்தியிருந்த ரோல் ஒன்றின்மேல் உட்கார்ந்தார்.

"டிபன்பாக்ஸ் கொண்டாந்தியா? என்ன வெச்சிருக்கற?"

"இருங்கப்பா, போட்டோ அனுப்பறன்."

"போட்டோ வேண்டாங் கண்ணு. வாயில சொல்லு."

மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. அரிசியும் பருப்பும் போட்ட சாதம் என்றாள், காலையில் அவசரத்தில் வைத்தது, கொஞ்சம் குழைந்துவிட்டது என்றாள். ரங்காத்தாள் வைத்தாலும் குழையத்தான் செய்யும் என்றார் அவர். டீ பிரேக் முடிந்து பெல் அடித்தது. ஆட்கள் ஒவ்வொருவராக மேஜைக்குத் திரும்பினார்கள். மகள் சாப்பிட்டு முடிக்கும்வரை ஆறுச்சாமி எழுந்திருக்கவில்லை.